கால் கிலோ குறைவு

“இங்க வந்து முள்ளைப் பாரு! இந்த வாரமும் கறி கால் கிலோ குறையுது!”

போதகர் சமையலறைத் தராசைத் தட்டிக் காட்டினார். மனைவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெங்காயம் உரிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“நாம ரெண்டு பேர்தானே, இது போதாதா? விடுங்களேன்.”

“போதுமா போதாதாங்கறது பேச்சில்ல. ஒரு கிலோன்னா ஒரு கிலோ இருக்கணும். அந்தக் கறிக்கடைக்காரர் என் சபையில முன் வரிசையில உட்கார்ந்துக்கிட்டு, என் தலையிலயே மிளகாய் அரைக்கிறார்!”

“ஐயோ, அவர்கிட்ட எதுவும் கேட்டுடாதீங்க.”

“தனியா கேட்கப் போறதில்ல. நாளைக்குப் பிரசங்கமே அதுதான்.”

நியாயம் என்று வந்துவிட்டால் போதகருக்குத் தன் வீடு, அடுத்த வீடு என்ற பாகுபாடே கிடையாது. அவர்கள் சாப்பாட்டு மேசையின் மூன்றாவது நாற்காலி பரணுக்குப் போனதும் அப்படித்தான்.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது.

“வேதத்துல ஒரு ராஜாவையே தராசில நிறுத்துப் பார்த்தாங்க. அவனுக்குக் கிடைச்ச தீர்ப்பு, அரமேய மொழியில ‘ஹஸ்ஸீர்’. குறைவுன்னு அர்த்தம். இருக்க வேண்டியது இல்லை!” போதகரின் விரல் முன் வரிசைக்கு நீண்டது. “கறிக்கடைக்காரரே, உங்க தராசும் அப்படித்தான். கிலோன்னு சொல்லி முக்கால் கிலோ கொடுக்கறீங்க. இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்!”

கறிக்கடைக்காரர் எழுந்தார். முகம் பேயறைந்தது போலிருந்தது. ஒரு கணம் போதகரின் மனைவியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“தப்புதான் ஐயா. மன்னிச்சிடுங்க.”

“அடப்பாவி!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார். “இனிமே அந்தக் கடைப் பக்கமே யாரும் போகக் கூடாது!”

“கறிக்கடைக்காரர் பொய் சொல்றார்!”

போதகரின் மனைவிதான். எழுந்து நின்றிருந்தாள்.

“அவர் சரியாத்தான் எடை போட்டார். கால் கிலோவை நான்தான் ஒவ்வொரு வாரமும் அங்கேயே விட்டுட்டு வரேன். சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தா வாங்க மாட்டேங்கறாரே, வேற என்ன செய்யறது? உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு நான்தான் அவரைக் கெஞ்சினேன்.”

“யா... யார் சாப்பாட்டுக்கு?” என்று கேட்டார் போதகர்.

“கொட்டற மழையில வெளியில தள்ளிக் கதவைச் சாத்தினீங்களே, நம்ம பையன்... அன்னையிலிருந்து அவனைத் தன் வீட்டுல வச்சுச் சோறு போடறது இவர்தாங்க!”