திணறும் கார்

மறுநாள் சோழவரத்தில் ரேஸ். அம்பத்தூர் ஷெட்டில் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நின்ற இடத்திலேயே திணறியது.

"மூணு ஷெட்டுல கைவிட்டது. நீயும் உட்டுடு மாமா" என்று முணுமுணுத்தான் மச்சினன் உத்தமன்.

மெக்கானிக் வீராசாமி கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் விளிம்பில் ஆயில் தடவினார். திணறல் சட்டென்று அடங்கியது.

"இங்கதான் காத்து இழுக்குது."

அந்த இடுக்கை அடைக்கப் புது கேஸ்கெட் வெட்டிப் போட்டார். இன்ஜின் சீராக ஓடியது. கார்க்காரர் கும்பிட்டுவிட்டு ஓட்டிச் சென்றார்.

உத்தமன் கேட்டான்: "நாளைக்கு இந்த வண்டிய எதிர்த்துதான நம்ம துலுக்கானம் ஓட்டறான்?"

வீராசாமி கையைத் துடைத்தார். "திணறுற வண்டிய ஜெயிக்கவா எம்புள்ளைய வளத்தேன்?"