வழவழப்பான பக்கம்

ஆளில்லாத கட்டடங்களின் சுவரில் வட்டமாக ஓட்டை வெட்டி, உள்ளே வெயில் விழுவதைப் படமெடுப்பதுதான் அரசுவின் கலை. சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் வாசல், ஜன்னல் எல்லாம் செங்கல் வைத்து அடைத்த ஒரு பங்களாவில் வெட்டினான். மறுநாள் போனால் ஓட்டையைக் காணோம். சிமெண்ட் பூச்சு இன்னும் காயவில்லை.

அவன் மனைவி ஷீலா கொத்தனார் மகள். தடவிப் பார்த்தாள்.

"வெளிய சொரசொரன்னு கீது. பூசுறவன் நிக்கிற பக்கந்தான் வழவழன்னு இருக்கும்."

"அப்போ உள்ள ஆளு கீதா?"

"வேணாம். வா, வூட்டுக்குப் போலாம்."

கேட்காமல் மறுபடி வெட்டினான். உள்ளே யாரும் இல்லை.

மறுநாள் மறைமலைநகர் வீட்டில் விடியவே இல்லை. தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அரசு இருட்டில் ஜன்னலைத் தேடித் தடவினான். விரலில் ஈர சிமெண்ட் ஒட்டியது. வழவழவென்று பூசியிருந்தது.