சர்வரில் நின்ற மெயில்

"சஜி, சர்வரைச் சரி பண்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும்டா. உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிற ஒரு மெயிலை அழிச்சிடணும்."

சஜி கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கினான். கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்த அந்த மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் வெள்ளிக்கிழமையிலிருந்து யாருக்கும் மெயில் வரவில்லை. லினக்ஸ் சர்வரைப் பார்ப்பதற்காகக் காக்கநாட்டிலிருந்து வந்திருந்தான் அவன். பக்கத்தில் நின்று கெஞ்சிய பாண்டியராஜ் அங்கே டெஸ்பாட்ச் கிளார்க்.

"யாரோட மெயில் சேட்டா?"

"என்னோடதுதான். குவைத்துல இருக்கிற எங்க அக்காவுக்கு எழுதினது."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த மெயிலை எழுதின வெள்ளிக்கிழமை பாண்டியராஜின் புத்தி இருந்த இடமே தெரியவில்லை. அப்பா பாலையாவின் காரியம் முடிந்த மறுநாள் அது. நர்ஸாக இருக்கும் அக்கா ஸ்வர்ணலதா அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் வரவில்லை, காரியத்துக்கும் வரவில்லை. 'லீவு கிடைக்கலடா' என்று போனில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பேச்சுப் பேசிவிட்டுப் போனார்கள். இவன் நேரே ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பிவிட்டான்.

"அப்படி என்னத்த எழுதினீங்க?"

"அப்பாவை விடச் சம்பளம் பெரிசாப் போச்சா உனக்கு, இனிமே எனக்கு அக்காவே இல்லை, எங்க வீட்டுப் படி ஏறாதேன்னு..." பாண்டியராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அம்மா போனப்புறம் என்னை இடுப்பை விட்டு இறக்காம வளர்த்தவ சஜி. அவளுக்குப் போயி எழுதியிருக்கேன் பாரு."

"பின்னே இப்ப எதுக்கு அழிக்கணும்?"

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா. ஆஸ்பத்திரிக்காரங்க பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டுக் குடுக்கலையாம். கால்ல விழுந்தும் குடுக்கலையாம். நாங்க பயந்துடுவோம்னு சொல்லாம இருந்திருக்கா. இப்பத்தான் கைக்கு வந்துச்சாம். 'வரட்டுமாடா'ன்னு கேட்டா. 'உன் வீட்டுக்கு வர யாரைக் கேக்கணும்க்கா'ன்னேன். அப்புறம் ஒரே அழுகை. இன்னிக்குச் சாயங்காலம் நெடும்பாசேரி ஏர்போர்ட்டுல வந்து இறங்குறா."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. ஆனால் இவனுக்கு மட்டும் அள்ளிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை பிறந்திருந்தது. மெயில் படுத்துவிட்டது என்று ஆபீஸே தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, போட்ட விளக்கெல்லாம் வீண்போகவில்லை என்று மாரியம்மனுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் பாண்டியராஜ்தான்.

"நீ இதைச் சரி பண்ணினதும் அது குவைத்துக்குப் போயிடும். இங்க வந்து என்கூடச் சிரிச்சுப் பேசி, என் கையால சோறு வாங்கித் தின்னுட்டு, திரும்பிப் போயி அதைத் திறந்து படிச்சான்னா? அதுக்கப்புறம் நான் இருந்தென்ன, செத்தென்ன?"

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் அனந்தநாராயணன் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஆச்சா? ஆர்டர் அனுப்பி நாலு நாளாச்சுன்னு ராட்டர்டாம் பார்ட்டி போன்ல காய்ச்சறான்."

"இப்பத் தீரும் சார். வெள்ளிக்கிழமை காலையில டிஸ்க் மாத்தினப்ப, எல்லாரோட மெயில் பெட்டியும் ரூட் பேருக்கு மாறிப் போச்சு. ரூட்டுன்னா சர்வரோட முதலாளி மாதிரி. பெட்டி உங்களோடது, பேரு அவனோடது. அதான் பெர்மிஷன் இல்லைன்னு எர்ரர் வருது. அவங்கவங்க பேருக்கு மாத்திக் குடுத்தா கொழப்பமில்ல."

"சீக்கிரம் மாத்துப்பா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பாண்டியராஜ் சஜியின் தோளைப் பிடித்தான். "உன் கையில இருக்குடா."

"அடுத்தவங்க மெயில்ல நான் கை வைக்க மாட்டேன் சேட்டா. இது உங்களோடதுங்கறதால நோக்குறேன்."

சஜி ஏதோ தட்டினான். நின்றுபோன மெயில்கள் திரையில் வரிவரியாக மேலே ஓடின. பாண்டியராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குவைத்துக்குப் போறது ஒண்ணுகூட இல்லையே சேட்டா."

"இல்லையா? நல்லாப் பாரு!"

"நல்லாத்தான் நோக்கினேன். இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது பாண்டியராஜுக்கு. "அழிஞ்சே போச்சா! மாரியம்மா என்னைக் காப்பாத்திட்டா. எந்திரிடா, சாயா குடிக்கலாம். சாயங்காலம் நீயும் வீட்டுக்கு வா, எங்க அக்காவைப் பாரு. அவளை மாதிரி ஒருத்தி இந்த ஊர்லயே கிடையாது."

சஜி எழுந்திருக்கவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காதைச் சொறிந்தான்.

"அழியல சேட்டா. வெளிய போற மெயிலுக்கு ஒரு தடையும் இருக்கல, நீங்க அனுப்பின உடனே போயாச்சு. இங்க நிக்கிறதெல்லாம் உள்ள வர்றதுதான். இதோ, குவைத்துல இருந்து உங்களுக்கு வந்த பதில்கூட சனிக்கிழமையிலிருந்து நிக்குது."

அக்கா ஞாயிற்றுக்கிழமை போன் செய்தது, அவன் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் படித்து, பதிலும் எழுதி, தம்பியிடமிருந்து ஒரு வரியும் வராமல் காத்துக் கிடந்த பிறகு.