அலைக்கு முந்திய குரல்

"சார், நேத்து ஒரு தப்பு பண்ணிட்டேன். அழுத்தத்துல ஒரு சைபரை விட்டுட்டேன்."

மாலை வகுப்பு ஆசிரியர் அவள் திரையை எட்டிப் பார்த்தார். "சைபர் குறைஞ்சா அது அதிர்ச்சி அலை இல்லம்மா, கொட்டாவி."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. திருத்திய எண்ணை மறுபடி சரிபார்த்துவிட்டு, காற்று பாய்வதைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளை ஓடவிட்டாள். திரையில் ஒரு குழாய். நடுவில் மெல்லிய தகடு. அதன் ஒரு பக்கம் அடைத்துவைத்த காற்று. தகடு கிழிந்ததும் அலை செங்குத்துச் சுவர்போல மறுமுனைக்குப் பாய்ந்தது.

"பாடத்துல குழாய் ஒரு மீட்டர்தானே? நீ ஏன் ஒன்பது போட்டிருக்கே?"

"எங்க அண்ணன் அவ்வளவு தூரத்துலதான் சார் நின்னான்."

ஆசிரியர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

போன வருடம் ஆலையில் காற்றுக்குழாயின் தகடு தெறித்தது. அப்பா தகட்டுக்குப் பக்கத்தில் வேலையாக இருந்தார். அண்ணன் குழாயின் வாய்க்கு நேரே; அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. அப்பா கத்தியதை ஆலையே கேட்டது. 'கொஞ்சம் முன்னாடி கத்தியிருந்தா என் பிள்ளை விலகியிருப்பானே' என்று அழுத அம்மா, அன்றிலிருந்து அப்பாவிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

"தகடு கிழிஞ்சப்புறம் கத்தினா, அந்தச் சத்தம் அலையை முந்துமா சார்?"

"முந்தவே முந்தாதும்மா. சத்தத்தைவிட அலைக்கு வேகம் ஜாஸ்தி."

வீட்டில் மடிக்கணினியை அப்பாவின் முன் வைத்தாள். "தப்பா இருக்குமோன்னு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துட்டேன்ப்பா. நீங்க கத்தினது அண்ணன் காதுக்குப் போயே இருக்காது. உங்க மேல தப்பே இல்ல."

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அம்மாவுக்குக் கண் நிறைந்தது. "ஏங்க... எழுந்து சாப்பிட வாங்க" என்றாள்.

அப்பா எழவில்லை. திரையில் தெரிந்த குழாயின் முனையை விரலால் தொட்டார்.

"அவனுக்குக் கேட்டுச்சு பாப்பா. தகடு தெறிக்கறதுக்கு முன்னாடியே கூப்பிட்டேன். அவன் பாட்டுக்குக் குழாயைத் தாண்டிப் போய்ட்டிருந்தான். கையுறையை மறந்துட்டுப் போறானேன்னு கூப்பிட்டேன்... குழாய் வாய்க்கு நேரா நின்னு, திரும்பிப் பார்த்தான்."