கிளி தூங்குகிற நேரம்

"உள்ள ஆம்பளக் குரல் கேட்டுச்சாம். ஹஸீனா சொல்றா. யாரு அது?"

வாசற்படியில் நின்று அதட்டினான் தாவூத். கையில் அதிகாரப் பட்டை. காஜா பெராங் வட்டாரத்தில் இந்தத் தெருவின் முப்பது வீடுகளுக்கும் ஜப்பான்காரன் வைத்த தலைவன் அவன். ஹஸீனா அவன் மனைவி. பக்கத்து வீட்டில் சுவரோடு காதை ஒட்டிக்கொண்டே சமையல் செய்கிறவள்.

அஸ்மா முக்காட்டை இழுத்துவிட்டாள். "மெதுவாப் பேசுங்க தாவூது நானா. கிளியத் தூங்க வச்சிக்கிட்டிருக்கேன்."

"கிளியையா?" தாவூத் பல்லைக் காட்டினான். "ஊரே மரவள்ளிக்கிழங்கத் தின்னுட்டுக் கெடக்கு. இங்க கிளிக்குத் தாலாட்டு!"

"கைலியப் போட்டுக் கூண்ட மூடணும். விளக்கத் தணிக்கணும். பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசணும். இல்லன்னா றெக்கைய அடிச்சிக்கிட்டே கெடக்கும். வாயில்லாத ஜீவன். மனுஷங்க மாதிரி நெனச்ச எடத்துல படுத்துக்காது."

அவனைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வெள்ளைக்காரன் இருந்தவரை துரைமார் பங்களாக்களுக்குத் துணி மூட்டை சுமந்து, நாய்க்குக்கூட குட்மார்னிங் சொன்ன வாய் அது. ஜப்பான்காரன் வந்த மறுவாரமே இடுப்பை வளைக்கக் கற்றுக்கொண்டான். சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டபோது, தன் தம்பியின் பெயரை மறைத்துவிட்டு அவள் புருஷன் காதர் மைதீனின் பெயரை எழுதிக் கொடுத்தவனும் இவன்தான். லாரியில் ஏற்றி நாலு மாதம் ஆகிறது.

"இந்தா பாரு தங்கச்சி, பதிவுல இந்த வீட்டுக்கு உன் பேரு ஒண்ணுதான். வேற ஆம்பள உள்ள இருந்தான்னு வையி, நாளைக்கே கெம்பெத்தாய் போலீசுக்காரன் வந்து ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போயிருவான். அங்க போனவங்க யாரு திரும்பி வந்தா?" குரலைத் தாழ்த்தினான். "புருஷன் போயி நாலு மாசம். வயசுப் பொண்ணு. எனக்குப் புரியுது."

அஸ்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "புரியும், புரியும். ஆம்பள இல்லாத வீட்டு வாசல்ல மஃரிபு தொழுகை முடிஞ்சு இருட்டுன பெறகு வந்து நிக்கிறவருக்கு எல்லாம் புரியும். வாங்க, வந்து தேடிப் பாருங்க. பாத்துட்டு அதையும் ஹஸீனாகிட்டச் சொல்லுங்க."

தாவூத் பின்னறைக்குள் நுழைந்தான். தேங்காயெண்ணெய் விளக்கு முணுக்கென்று எரிந்தது. மேலிருந்து ஒரு கயிற்றில் கூண்டு தொங்கியது. அதன்மேல் பழைய கட்டம் போட்ட கைலி.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். குனிவதற்கு அவனுக்குச் சொல்லித்தரவா வேண்டும்! பெட்டிக்குப் பின்னால் பார்த்தான். காலி அரிசிப் பானையைக்கூடத் திறந்து பார்த்தான். அதற்குள் எந்த ஆண்பிள்ளை உட்கார முடியும் என்று அஸ்மாவுக்குத் தெரியவில்லை.

"ஒருத்தனையும் காணோம்" என்றான் ஏமாற்றத்தோடு. "அப்ப பேசுனது?"

"அதான் சொன்னேனே. கிளி."

"எங்க, இப்பப் பேசச் சொல்லு."

அஸ்மா கூண்டை மறைத்து நின்றாள். "தூங்கப் போற நேரம் நானா..."

"பேசச் சொல்லுன்னேன்!"

விளக்குச் சுடர் ஆடியது. கூண்டுப் பக்கமிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"அஸ்மா! கதவச் சாத்து! தாவூது வர்றான்! குனிஞ்சு குனிஞ்சு கூன் விழுந்த பய!"

தாவூதின் முகம் செத்துப்போயிற்று. "இது... இது காதர் மைதீன் குரலு!"

"அவங்க வளத்த கிளி. அவங்க குரல்தான் வரும்." அஸ்மா மூச்சை இழுத்துவிட்டாள். "லாரியில மனுஷன மட்டுந்தான் ஏத்துனீங்க. குரல ஏத்த மறந்துட்டீங்க."

"வெக்கங்கெட்ட பய! வெக்கங்கெட்ட பய!" என்றது குரல் மறுபடியும்.

தாவூதின் கை கைலியைப் பிடித்துவிட்டது.

"எடுங்க, எடுங்க" என்றாள் அஸ்மா அலட்சியமாக. "நல்லா முழிச்சிச்சுன்னா விடியவிடிய இதையேதான் கத்தும். ரோந்துக்காரன் வந்து, என்ன சொல்லுதுன்னு கேட்டா நீங்களே அர்த்தம் சொல்லுங்க."

கை தானாக இறங்கியது. கிளியைக் கைது செய்ய முடியாது. கிளி சொன்னதை வெளியில் சொல்லவும் முடியாது. பிறகு அவன் கண்ணில் பழைய பளபளப்பு வந்தது. யார் காலில் விழலாம் என்று தோன்றும்போதெல்லாம் வருகிற பளபளப்பு அது.

"ஜப்பான் கேப்டனுக்குப் பேசுற கிளின்னா உசுரு. காலையில வந்து கூண்டோட எடுத்துக்கிட்டுப் போறேன். இந்தக் கண்றாவியெல்லாம் மறக்கடிச்சுட்டு, 'பான்சாய்'னு வாழ்த்துச் சொல்லக் கத்துக்குடுத்து வை."

"ஒரே ராத்திரியிலயா?"

"என்னையத் திட்ட எவ்வளவு அழகா வருது! காலையில என் முன்னால பேசணும். பேசலன்னா, இன்னைக்கிப் பேசுனது யாருன்னு நான் கேக்கமாட்டேன். கெம்பெத்தாய்க்காரன் வந்து கேப்பான்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். தெருவில் யாரோ ஜப்பான் சிப்பாய் போனான் போலிருக்கிறது, உடனே குனிந்தான்.

அஸ்மா கதவைத் தாழிட்டுவிட்டு வந்து கைலியை விலக்கினாள். முதுகுச் சிறகுக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு கிளி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா மச்சான்? ஒரு வார்த்தையோட நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று மேலே பார்த்துச் சீறினாள்.

சயாமுக்குப் போகும் வழியில் தம்பின் ஊரில் லாரியிலிருந்து குதித்துத் திரும்பி ஓடிவந்த காதர் மைதீன், கூண்டுக்கு நேர்மேலே இருந்த பரணிலிருந்து ஓசைப்படாமல் இறங்கினான். வாங்கிவந்த நாள் முதல் ஒரு வார்த்தைகூடப் பேசியறியாத அந்தக் கிளியை இருவருமாகத் தட்டி எழுப்பி, 'பான்சாய்' சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார்கள்.