இரண்டாவது ஒயர்

"நூறு பெடல் செய்யுற வேலையை இந்த ஒரு பெட்டியே செய்யும்னு சொல்லித்தானே வாங்கினீங்க, மாப்பிள்ளை? அப்புறம் எதுக்கு இந்தப் பழைய தகரத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

பாடகி, பேஸ் கிட்டார்காரர் காலால் அழுத்திக் கிட்டாரின் சத்தத்தை மாற்றும் பெடல் பலகையைக் காட்டிக் கேட்டார். நடுவில் புது மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதன் ஓரத்தில், ஒட்டிக்கொண்ட ஏழைச் சொந்தம் போல, பெயின்ட் உரிந்த ஒற்றைப் பெடல்.

இசைக்குழு பாடகியுடையது. அவர் வைத்ததுதான் சட்டம். விரல் நடுங்குகிறது என்று பழைய கிட்டார்காரரைப் போன வருஷம் ஒரே வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பியவர்.

"பெட்டியில எல்லாம் இருக்குக்கா," என்றார் பேஸ்காரர். "ஆனா ஒரு சத்தத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தும்போது, கண் சிமிட்டுற நேரம் ஊமையாயிடுது. இந்தப் பெடல் அப்படி ஊமையாகாது."

"கண் சிமிட்டுற நேரம் யாருக்குத் தெரியப் போகுது?"

"அப்படிக் கேளும்மா!" என்று சிரித்தார், பாடகியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த டிரம்மர். பேஸ்காரரின் மனைவிக்கு அண்ணன். அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் குழு முழுக்க 'மாப்பிள்ளை' என்றே ஆகிவிட்டது. "இவர் சத்தம் என் ஸ்டூலையே ஆட்டுது. உட்கார்ந்திருக்கேனா, லாரியில போறேனான்னே தெரியல."

"உங்களுக்கென்ன மச்சான், உட்கார்ந்த இடத்துலயே ஊர் சுத்தறீங்க."

பாடகி சிரிக்கவில்லை. "சாயங்காலம் நமக்கு முன்னாடி நாடகம். திரை விழுந்து எழுறதுக்குள்ள மேடை தயாராகணும். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு ஒயர். முடியாதவங்க வேற குழு பார்த்துக்கலாம்."

சவுண்டுக்காரர் தன் பங்குக்கு எட்டிப் பார்த்தார். "அக்கா, அந்தப் பெடல்ல இருந்து ரெண்டு ஒயர் போகுது. ஒண்ணு பெட்டி வழியா என்கிட்ட வருது. இன்னொண்ணு என் பக்கமே வரல."

"அது... இரைச்சல் வராம இருக்க," என்று முணுமுணுத்தார் பேஸ்காரர்.

"பிடுங்குங்க."

பெடல் ஒதுங்கியது. கிட்டாரின் ஒயர் நேராகப் புதுப் பெட்டிக்குள் போயிற்று.

ஒத்திகையில் முதல் பாட்டின் சரணத்திலேயே டிரம்ஸ் முன்னால் ஓடியது. மறுபடி ஆரம்பித்தார்கள். இப்போது பின்தங்கியது. இத்தனை வருஷத்தில் நடக்காதது.

"என்னண்ணே ஆச்சு?" என்று டிரம்மர் பக்கம் திரும்பிக் கேட்டார் பாடகி.

டிரம்மர் குச்சிகளைச் சட்டையில் துடைத்தார். "கையெல்லாம் வியர்வைம்மா."

"இல்லக்கா, தப்பு என்னோடது," என்று குறுக்கே வந்தார் பேஸ்காரர். "பெடல் இல்லாம நான்தான் தாளத்தை விட்டேன். அவர் என் பின்னாடி வந்து மாட்டிக்கிட்டார்."

"ஒரு தகர டப்பா இல்லாம வாசிக்க வராதுன்னா, உங்களை வச்சு நான் எப்படிக் கச்சேரி பண்றது?" பாடகியின் குரல் உயர்ந்தது. "எல்லாரும் டீ குடிங்க. அதுக்குள்ள அதை மாட்டி வாசிச்சுக் காட்டுங்க. எனக்கு வித்தியாசம் தெரியலன்னா, நீங்களும் பெடலும் சேர்ந்தே கிளம்பலாம்."

பேஸ்காரர் மண்டியிட்டு ஒயர்களைச் செருகினார். எழுந்து மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.

பாடகிக்குக் காதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டாவது ஒயர் மட்டும் கண்ணை உறுத்தியது. குனிந்து அதைப் பிடித்துக்கொண்டே போனார். விரிப்புக்கு அடியில் நுழைந்து, டிரம்ஸைச் சுற்றி வந்து, ஸ்டூலின் அடியில் இறுக்கிக் கட்டியிருந்த தட்டையான கறுப்புப் பெட்டியில் அது முடிந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார்.

ஒவ்வொரு சுரமும் இருக்கை வழியாக ஏறி முதுகெலும்பைத் தொட்டது, யாரோ உள்ளே நடந்து வருவது போல. இரண்டு காதுகளையும் கைகளால் பொத்திக்கொண்டார். நடை நிற்கவில்லை. தாளம் அப்படியே இருந்தது.

பாடகி கைகளை எடுத்தார். டிரம்மர் முதுகைக் காட்டியபடி டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"அண்ணே."

அசைவில்லை.

"அண்ணே!"

எல்லாரும் திரும்பினார்கள், அவர் ஒருவரைத் தவிர.

பேஸ்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுப் பாடகியிடம் ஓடி வந்தார். "எனக்குத் தெரியும்கிறது மச்சானுக்குத் தெரியாதுக்கா," என்றார் தாழ்ந்த குரலில். "என் சத்தத்துக்காகத்தான் வச்சிருக்கேன், ஸ்டூல் ஆடினா பொறுத்துக்கோங்கன்னு சொல்லியிருக்கேன். காது போனதைக்கூடத் தாங்கிக்கிட்டார். இந்த ஸ்டூலும் போச்சுன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்."

டீ கிளாஸோடு டிரம்மர் வந்தார். ஸ்டூலில் பாடகி. அவர் காலடியில் அந்த ஒயர். ஒரு நொடி அந்த முகம் வெளுத்தது. உடனே பலமாகச் சிரித்தார்.

"மாப்பிள்ளை ஆசையா வச்சிருக்கார், இருந்துட்டுப் போகட்டும்மா. ஆட்டத்தை நான் பொறுத்துக்கறேன். பாவம், அது இல்லாம அவருக்கு வாசிக்க வராது."

பாடகி எழுந்தார். இருக்கையைக் கையால் தட்டிவிட்டு அவரை உட்கார வைத்தார். அவர் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகச் சொன்னார்:

"அவருக்காக இல்லண்ணே. அது இல்லன்னா என் பாட்டுதான் தடுமாறுது. அது எப்பவும் இங்கயே இருக்கட்டும்."

பிறகு பேஸ்காரர் பக்கம் திரும்பி, வேறு யாருக்கும் கேட்காதபடி கேட்டார்:

"மாப்பிள்ளை, விரல் நடுங்குறவங்களுக்கு ஏத்த மாதிரி ஏதாவது பெடல் இருக்கா?"