பிறந்த இடம்

சகாயமேரியை அவள் அங்கே எதிர்பார்க்கவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையம். பிரசவப் பதிவுகள் கணினியில் ஒழுங்காக ஏறுகின்றனவா என்று பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்தாள். அந்தக் கண்காணிப்பு முறையை வடிவமைத்தவளே அவள்தான்.

மேசைக்குப் பின்னாலிருந்து செவிலியர் எழுந்து நின்றார்.

"என்னை ஞாபகம் இருக்கா, மேடம்?"

இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு, வேறொரு மாவட்டத்தில், பயிற்சி வகுப்பு. முன்வரிசையிலிருந்து கேட்டவர் இவர்தான். வீட்டுப் பிரசவம் நடந்தால் அதையும் பதிய வேண்டுமா?

பதியத்தான் வேண்டும் என்று அவள் சொன்னாள். எங்கே பாதை இல்லை, எங்கே வண்டி போகவில்லை என்று அரசுக்குத் தெரிவதற்குத்தான் இந்த ஏற்பாடே. யாரையும் தண்டிப்பதற்கு இல்லை.

நம்பித்தான் சொன்னாள்.

சகாயமேரியும் நம்பினார். அந்த ஆண்டு நான்கு வீட்டுப் பிரசவங்களைப் பதிந்தார். சுற்றியிருந்த நிலையங்களில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

பிறகு வீட்டுப் பிரசவ எண்ணிக்கையை வைத்து மேலேயிருந்து ஒரு தரவரிசை கேட்டார்கள். கடைசிப் பத்து நிலையங்கள் சிவப்பில் தெரிய வேண்டும்.

அரைநாள் வேலை.

செய்து கொடுத்தாள்.

ஆய்வுக் கூட்டத்தில் சகாயமேரியை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார்கள். மெமோ வந்தது. அப்புறம் மாறுதல். வீட்டுக்காரர் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாராம். ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போல இதையெல்லாம் சொன்னார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

டீயைக் குடித்தாள்.

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்பது நாள் குழந்தை. மலைமேல் குடியிருப்பில் பிறந்தது. மழை பாதையை அரித்துவிட்டதால் ஆம்புலன்ஸ் ஏற முடியவில்லை. சகாயமேரி ஓடையைக் கடந்து நடந்தே போய்ப் பிரசவம் பார்த்திருக்கிறார். கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பதிவு மட்டும் பாக்கி.

சகாயமேரி டேப்லெட்டைத் திறந்தார். 'பிறந்த இடம்' என்ற வரியில், 'வீடு', 'சுகாதார நிலையம்' என்ற இரண்டுக்கும் நடுவில் விரல் நின்றது.

"எப்படிப் போடட்டும், மேடம்?"

குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

'வீடு' என்று போட்டால் மாதக் கடைசியில் இந்த நிலையம் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தரவரிசையை எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை கடிதம் எழுதியிருந்தாள். பதில் வரவில்லை.

சகாயமேரி காத்திருந்தார்.

அவள் எழுந்து பெஞ்சுப் பக்கம் போனாள். துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

எடை எவ்வளவு என்று கேட்டாள். திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் திரையை விரல் தொடும் ஓசை. ஒரே ஒரு முறை.

"ரெண்டு கிலோ எழுநூறு," என்றார் சகாயமேரி.

சற்றுப் பொறுத்து, "அது நெசமான எடைதான், மேடம்," என்றார்.